வால்பாறைப் படங்களில் தேயிலைப் பச்சையைத் திரைப்பட நிறத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

மழைமலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் மாத இறுதியில் நான்கு நாட்கள் வால்பாறையில் தங்கி, பெரும்பாலும் அதிகாலையிலும் மாலையிலும் தேயிலைத் தோட்டங்களைப் படமெடுத்து வந்தேன். ஆழியாற்றிலிருந்து மேலேறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மேகம் இறங்கி நின்ற நாட்கள் அவை. நல்லமுடி பூஞ்சோலைப் பக்கம் ஒரே ஒரு காலையில் மட்டும் கால் மணி நேரம் வெயில் தலைகாட்டியது. எடுத்த ஏறக்குறைய 300 படங்களிலிருந்து 12 படங்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். எல்லாமே 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் பதிந்த மூலத் தரவு). பெரும்பாலும் எஃப் 8, ஐஎஸ்ஓ 200. திருத்துவதற்கு லைட்ரூம் கிளாசிக் என்ற அடோபி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன்.

இந்தப் பன்னிரண்டும் ஒரே திரைப்படத்திலிருந்து எடுத்த காட்சிகளைப் போல, ஒரு நிறத் தன்மையோடு அமைய வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக இணையத்தில் கிடைத்த நீலப்பச்சை-ஆரஞ்சு பிரீசெட் (முன்கூட்டியே அமைத்த திருத்தங்களின் தொகுப்பு) ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு மூன்று சிக்கல்கள் வந்தன. மூன்று வாரமாக முயன்றும் அவற்றிலிருந்து மீள முடியவில்லை.

கேமராவிலிருந்து வந்தபோது தேயிலை கிளிப்பச்சையாகக் கண்ணைக் குத்தியது. பிரீசெட்டைப் போட்டதும் அதே தேயிலை, மழையே காணாத ஊரில் வாடிக் கிடப்பது போலத் துரு நிறத்துக்கு மாறிவிட்டது. இரண்டாவதாக, அடுக்கடுக்காகப் பின்வாங்கிப் போகும் மலைகளுக்கு இடையில் வெள்ளையாக இருந்த பனிமூட்டத்தில் நீலப்பச்சைத் திட்டுகள் தோன்றுகின்றன; சில இடங்களில் பட்டை பட்டையாகவும் பிரிகிறது. மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த நான்கு பெண்களிடம் கேட்டுக்கொண்டு எடுத்த படம் ஒன்று இந்தத் தொகுப்பில் இருக்கிறது. அதில் அவர்களுடைய முகங்கள் சாம்பல் பூத்தது போல, உயிரில்லாமல் போய்விட்டன. அவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்புவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். இந்த நிலையில் அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிரீசெட்டின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். சிக்கலும் குறைகிறது, திரைப்படத் தன்மையும் கூடவே போய்விடுகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

சரிவுப்பாதை எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த வகைப் பிரீசெட்டுகள் பெரும்பாலும் பாலைநிலம், மாலைநேர நகரம், கடற்கரை போன்ற காட்சிகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அங்கே மணலும் விளக்கொளியும் தோலும் ஏற்கெனவே ஆரஞ்சாக இருக்கின்றன. வானமும் நிழலும் ஏற்கெனவே நீலமாக இருக்கின்றன. பிரீசெட் அந்த இரண்டையும் சற்றுத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். வால்பாறையில் சட்டகத்தின் ஐந்தில் நான்கு பங்கு பச்சையாக இருக்கும்போது, அந்தப் பச்சையை என்ன செய்வது என்று அந்தப் பிரீசெட்டுக்குத் தெரியாது. மஞ்சளை ஆரஞ்சை நோக்கி இழுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

தேயிலை துருவாக மாறியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இலையின் நிறத்தைப் பச்சை என்று நாம் சொன்னாலும், லைட்ரூமின் கணக்கில் அதன் பெரும்பகுதி மஞ்சள் ஸ்லைடரின் எல்லைக்குள் வருகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே மாற்றும் வண்ண மிக்ஸரில் பச்சையின் செறிவை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, முழுவதும் இறக்குங்கள், கொழுந்துப் பரப்பு பெரிதாக மாறாது. மஞ்சளின் செறிவை இறக்குங்கள். தோட்டம் முழுவதும் நிறமிழந்துவிடும். உங்கள் பிரீசெட் மஞ்சளை ஆரஞ்சின் பக்கம் தள்ளியபோது, அது உங்கள் தோட்டத்தையே தள்ளியிருக்கிறது.

ஆகவே எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டு, முதலில் நிறத்தைத் தொடாமல் தொடங்குங்கள். ரா கோப்புக்கு அடிப்படை நிறத்தைத் தரும் ப்ரொஃபைலில் அடோபி லேண்ட்ஸ்கேப் இருந்தால் மாற்றிவிடுங்கள். அது பச்சையையும் நீலத்தையும் தானாகவே ஏற்றிவிடும். அடோபி நியூட்ரல் போதும். அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு. ஆட்டோவில் எடுத்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் எண் வேறாக இருக்கும். தொகுப்பு ஒன்றாகத் தோன்றாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். மூடுபனிக் காலைப் படங்கள் அனைத்துக்கும் 5600 கெல்வின் அளவில் ஒரே எண்ணை வையுங்கள். அந்தக் கால் மணி நேர வெயிலில் எடுத்தவற்றுக்கும் அதே எண்ணையே வையுங்கள். வெயில் படம் தானாகவே இளஞ்சூடாகவும் மூடுபனிப் படம் தானாகவே குளிர்ச்சியாகவும் நிற்கும். இரண்டையும் தனித்தனியே நடுநிலைக்குக் கொண்டுவந்தால், காலை நேரமே படத்திலிருந்து கழன்றுபோகும்.

பிறகு ஒளி அளவு. பனிமூட்டம் ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருளிலிருந்து வெளிச்சம் வரையான பரவலைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் முட்டக் கூடாது. 80 முதல் 88 விழுக்காடு வரையில் நின்றால் அதற்குள் அடுக்குகள் தெரியும். இருள், வெளிச்ச அளவுகளை மாற்றும் டோன் கர்வ் என்ற வளைகோட்டின் கீழ்முனையை 0-இலிருந்து 10 அல்லது 12-க்கு உயர்த்துங்கள். மேல்முனையை 255-இலிருந்து 245-க்கு இறக்குங்கள். நடுவில் மென்மையான எஸ் வளைவு ஒன்று போதும். மூட்டத்தை விலக்கும் டீஹேஸை முழுப்படத்துக்கும் போடாதீர்கள். தொலைவிலுள்ள மலை வெளிறியும் நீலம் பூத்தும் தெரிவது, இடையிலுள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால். அந்த வெளிறல்தான் படத்துக்கு ஆழம் தருகிறது. டீஹேஸ் அந்த ஆழத்தைத்தான் முதலில் அழிக்கும். முன்னாலிருக்கும் தேயிலைப் புதர்களுக்கு மட்டும் மாஸ்க் (திருத்தத்தை ஒரு பகுதிக்குள் அடக்கும் தேர்வு) போட்டுச் சற்று காண்ட்ராஸ்ட் ஏற்றினால், பின்னணி தானாகவே இன்னும் பின்வாங்கும்.

இப்போது பச்சைக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். ஒரே பச்சை என்று மேலோட்டமாகத் தெரிவதை உற்றுப் பாருங்கள். கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை. கீழேயுள்ள மூத்த இலை கரும்பச்சை. இடையிடையே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் சாம்பல் பச்சை. மேட்டிலுள்ள சோலைக்காடு ஏறக்குறையக் கறுப்பு. இவற்றைச் சாயலில் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கொண்டுவந்து, ஒளிர்வில் மட்டும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் சட்டகம் முழுவதும் ஒரே பாசிப்பச்சையாகவும், அதற்குள் நான்கு படிகளாகவும் தோன்றும். பல நிறங்கள் ஒன்றோடொன்று போட்டியிடாமல், ஒன்றிரண்டு நிறங்கள் மட்டும் படத்தை ஆள்வதைத்தான் நாம் திரைப்பட நிறம் என்று உணர்கிறோம் என்பது என் கருத்து.

நான் தொடங்கும் எண்களைத் தருகிறேன்; உங்கள் படத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சாயலில் மஞ்சள் +25, பச்சை −10. இரண்டும் நடுவில் சந்தித்துக்கொள்ளும். செறிவில் மஞ்சள் −35, பச்சை −25. ஒளிர்வில் மஞ்சள் −15, பச்சை −5. பனிமூட்டத் திட்டுகளுக்கு, அக்வா, நீலம் இரண்டின் செறிவையும் −40 வரை இறக்குங்கள். மூடுபனி ஏறக்குறைய நிறமற்றது. அதிலுள்ள சிறு நிற இரைச்சலைப் பிரீசெட் பெரிதாக்கியதால்தான் திட்டுகள் தோன்றியிருக்கின்றன. கடைசியாக, நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிச் சாயல் தரும் கலர் கிரேடிங் வட்டங்கள்: நிழலில் சாயல் 200, செறிவு 8, வெளிச்சத்தில் சாயல் 45, செறிவு 6. ஒற்றை இலக்கத்தைத் தாண்ட வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே வந்திருக்கிறது.

அடுத்த முறை மழைக்காலத்தில் போகும்போது சர்க்குலர் போலரைசர் என்ற லென்ஸ் ஃபில்டர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஈர இலை வானத்தின் வெண்மையைப் பிரதிபலிப்பதை அது வெட்டிவிடும்; ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும். அந்தப் பளபளப்பைப் பின்னால் எந்த ஸ்லைடரிலும் முழுமையாக நீக்க முடியாது.

---

இருட்டறை எழுதியது:

கோயம்புத்தூரில் ஒரு கலர் லேபில் 18 ஆண்டுகள் பிரிண்ட் போட்டவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். சரிவுப்பாதை சொன்ன வழி சரியானது. அவர் செறிவையும் ஒளிர்வையும் சேர்த்தே இறக்கச் சொன்னதன் காரணத்தை விளக்கினால், நீங்கள் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பிலிமிலும் தாளிலும் நிறம் உண்டாவது சாயங்களால்: சையன், மெஜந்தா, மஞ்சள். ஒவ்வொரு சாயமும் வெள்ளொளியிலிருந்து ஒரு பங்கை விழுங்குகிறது. ஆகவே ஒரு நிறம் எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவு ஒளி விழுங்கப்படும். செறிவு கூடக் கூட அந்த இடம் இருளும். பட்டுச் சேலையின் மடிப்பில் அரக்கு நிறம் கறுத்து ஆழமாகத் தெரிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினித் திரையில் நிறம் உண்டாவது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டுவதால். அங்கே செறிவை ஏற்றினால் நிறம் இருளாமல் நின்று, விளக்குப் போட்டது போல உள்ளிருந்து எரியும். உங்கள் கிளிப்பச்சை கண்ணைக் குத்தியதற்குக் காரணம் இதுதான். ஒரு பச்சையைச் சற்று இருட்டாக்கிப் பாருங்கள். செறிவை அதிகம் குறைக்காமலேயே அது தாளில் ஊறிய பச்சையாக மாறிவிடும். நமக்குப் பழகிய பழைய திரைப்பட நிறத்தின் பெரும்பகுதி இந்தச் சாயங்களின் நடத்தைதான்.

லேபில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. பிரிண்டில் மெஜந்தா அடித்தால் மெஜந்தா ஃபில்டரைக் கூட்ட வேண்டும்; பச்சை அடித்தால் மெஜந்தா ஃபில்டரைக் குறைக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். நெகடிவிலிருந்து பாசிடிவுக்குப் போவதால் அப்படி. நீலகிரியிலும் ஆனைமலையிலும் எடுத்த ரோல்கள் வந்தால் எந்திரம் தானாகக் கணக்கிட்ட திருத்தத்தை நாங்கள் நம்ப மாட்டோம். சட்டகம் நிறையப் பச்சையைக் கண்டதும் எந்திரம் அதைப் பிழையென்று எண்ணி மெஜந்தாவை ஏற்றிவிடும். முகமெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். இன்றைய கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் பச்சைத் தோட்டத்தின் நடுவில் அதே வழியில் தடுமாறக் கூடும். ஆகவே பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நகரும் டிண்ட் ஸ்லைடரையும் எல்லாப் படங்களிலும் ஒரே எண்ணில் வையுங்கள்.

பச்சையோடு போராடியது நாம் மட்டுமல்ல. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்ற படத்தின் கதை 1930-களின் மிசிசிப்பியில் நடக்கிறது. காய்ந்து புழுதி படிந்த நிலம் அதற்குத் தேவைப்பட்டது. படப்பிடிப்பு நடந்ததோ இலை தழைத்த கோடையில். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் முதலில் லேபின் வேதிமுறைகளைச் சோதித்துப் பார்த்தார். அவற்றால் பச்சையை மட்டும் தனியே பிடித்து மாற்ற முடியவில்லை. பிறகு படச்சுருள் முழுவதையும் ஸ்கேன் செய்து, கணினியில் அந்தப் பச்சையைக் காய்ந்த மஞ்சளாக்கினார்கள். ஒரு முழுநீளப் படத்தை முழுவதுமாக அவ்வாறு நிறம் திருத்துவதற்கு அது முன்னோடியாக அமைந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் பச்சையைக் காய்ந்ததாக்கியது கதை அதைக் கேட்டதால். உங்கள் கதை மழை நின்ற மறுவாரத்து வால்பாறை. அங்கே தேயிலை துருவாகக் கூடாது. அது நனைந்து, குளிர்ந்து, கனத்திருக்க வேண்டும்.

இனி அந்த நான்கு பெண்களின் முகங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நிழலில் நீலப்பச்சை, வெளிச்சத்தில் ஆரஞ்சு என்ற சூத்திரம், தோல் எப்போதும் வெளிச்சப் பகுதியில் விழும் என்ற எண்ணத்தில் அமைந்தது. வெளிர்நிறத் தோலுக்கு அது பொருந்தலாம். நம்மவர்களின் மாநிறமும் கருநிறமும், அதிலும் தலையில் துணி போர்த்தி மூடுபனியில் நடக்கும்போது, ஹிஸ்டோகிராமில் நிழலிலும் இடைநிலையின் கீழ்ப்பாதியிலும் விழுகின்றன. நிழலுக்கென்று நீங்கள் ஊற்றிய நீலப்பச்சை நேராக அவர்களின் முகத்தில் போய்ச் சேர்கிறது. கர்சரை ஒரு கன்னத்தின் மேல் வைத்து ஹிஸ்டோகிராமுக்குக் கீழேயுள்ள மூன்று எண்களைப் பாருங்கள். உயிருள்ள தோலில், அது எவ்வளவு கருமையாக இருந்தாலும், சிவப்பு முதலிலும் பச்சை அடுத்தும் நீலம் கடைசியிலும் தெளிவான இடைவெளியோடு நிற்கும். எடுத்துக்காட்டாக 45, 33, 26. பிரீசெட் போட்ட படத்தில் அவை 36, 34, 33 என்பது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நீங்கள் கண்ட சாம்பல்.

கலர் கிரேடிங் வட்டங்கள் முழுப்படத்துக்கும் பொதுவானவை. மாஸ்க் போட்டு அவற்றிலிருந்து ஒருவரை விலக்க முடியாது. ஆகவே அந்த ஒரு படத்தில் நிழலின் வட்டத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆட்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாஸ்கைப் போட்டு, அதைத் தலைகீழாக்கி, ஆட்களைத் தவிர்த்த பகுதிக்கு மட்டும் டெம்பரேச்சரை −6 அல்லது −8 என்று இறக்குங்கள். தோட்டம் குளிரும், முகங்கள் தம் நிறத்தில் நிற்கும். மஞ்சள் ஸ்லைடரை நகர்த்தும்போதும் தோலின் ஒரு பகுதி கூடவே நகரும் என்பதால், கடைசியில் அந்த மூன்று எண்களை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். முகத்தின் ஒளியை உயர்த்தி வெளுக்க வைக்காதீர்கள். நிறம் திரும்பினால் போதும். அந்தக் கருமை அவர்களுடையது.

---

திறமூலம் எழுதியது:

லைட்ரூம் இல்லாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். இதே வேலையை இலவச மென்பொருளான டார்க்டேபிளில் முழுமையாகச் செய்யலாம். ஒளியின் வளைவுக்கு ஃபில்மிக் ஆர்ஜிபி, பச்சைகளைப் பிரிப்பதற்குக் கலர் ஜோன்ஸ், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிச் சாயல் தருவதற்குக் கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி. கடைசியாகச் சொன்ன கருவியில் நேரடியாக மாஸ்க் வைக்க முடியும் என்பதால், இருட்டறை ஐயா சொன்ன முகச் சிக்கலுக்குச் சுற்றுவழி தேவைப்படாது.

இன்னொன்று, ஒரு நிறத்தை எந்த நிறமாக மாற்றுவது என்ற அட்டவணையான லட் கோப்புகளைப் பற்றியது. டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் திருத்த மென்பொருளில் கோடாக் 2383 பிரிண்ட் பிலிமைப் போன்ற லட் கோப்புகள் சேர்ந்தே வருகின்றன. பலர் அதை எடுத்துத் தங்கள் நிழற்படத்தில் நேரடியாகப் போட்டுவிட்டு, கறுப்பெல்லாம் அடைத்துக்கொண்டது, நிறம் வெடிக்கிறது என்று வருந்துகிறார்கள். அந்த லட் எதிர்பார்ப்பது ஸ்கேன் செய்த நெகடிவைப் போலத் தட்டையான, சினியான் லாக் என்ற காண்ட்ராஸ்ட் குறைந்த வடிவிலுள்ள படத்தை. காண்ட்ராஸ்ட் ஏற்கெனவே ஏறிய சாதாரணப் படத்தை அதற்குக் கொடுத்தால் காண்ட்ராஸ்ட் இரண்டு முறை ஏறும். படத்தை முதலில் லாக் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் போட்டால்தான் அந்த பிரிண்ட் பிலிமின் உண்மையான தன்மை வெளிப்படும்.

பனிமூட்டம் பட்டை பட்டையாகப் பிரிவதற்கும் இதோடு தொடர்பு உண்டு. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். 8 பிட் ஜேபெக்கில் 256 மட்டுமே. மூடுபனி போன்ற மெல்லிய ஏற்ற இறக்கத்துக்கு அந்த 256-இல் சிலவே கிடைக்கின்றன. அவற்றை மேலும் இழுத்தால் பட்டை தெரியும். திருத்தம் எல்லாவற்றையும் ரா நிலையிலேயே முடித்துவிடுங்கள். கடைசியில் பிலிமின் மணிகளைப் போன்ற கிரெய்னை 15 அல்லது 20 அளவில் சேர்த்தால், அந்த நுண்மணிகள் பட்டையின் ஓரங்களைக் கலைத்துவிடும்.

---

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு; ஓர் இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்து உண்டு.

வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் நிற்கும் தோட்டங்களை நான் சில ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். எங்கள் மண்ணுக்கு ஆரஞ்சைச் சேர்க்கும் எந்தப் பிரீசெட்டைப் போட்டாலும் நிலம் தீப்பிடித்தது போலாகிவிடும். அங்கே நான் ஆரஞ்சின் ஒளிர்வை இறக்கி, பச்சையை அப்படியே விட்டுவிடுகிறேன். மழை பெய்த மறுநாள் கறுத்த செம்பாட்டு மண்ணின் மேல் வெங்காயத் தாளின் பச்சை மட்டும் நிமிர்ந்து நிற்கும். அந்தப் படத்துக்கு அதுவே போதும். சரிவுப்பாதை அவர்கள் எல்லாப் பச்சைகளையும் பாசிப்பச்சையை நோக்கிக் கொண்டுவரச் சொல்கிறார். மூடுபனிப் படங்களுக்கு அது சரி. வெயில் விழுந்த அந்தக் கால் மணி நேரப் படங்களில், ஒளி பட்ட கொழுந்தின் மஞ்சளைக் குறைத்துவிட்டால், வெயில் வந்ததற்கான சான்றே படத்தில் இல்லாமல் போகும். அந்தப் படங்களுக்கு மஞ்சளின் செறிவை −35-க்குப் பதிலாக −10 அளவில் நிறுத்திப் பாருங்கள் என்பது என் ஆலோசனை. தொகுப்பில் ஒன்றிரண்டு படங்களில் மட்டும் நிறம் சற்றுத் திறந்துகொள்வது குற்றமாகாது. நீண்ட மூட்டத்துக்குப் பின் வெயில் வருவதைப் பார்ப்பவரும் உணர்வார்.

வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே போய் ஓர் உண்மையான இலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். திரையிலுள்ள நிறத்துக்குக் கண் மிக விரைவில் பழகிவிடும். பழகிய கண்ணுக்குப் போதும் என்று தோன்றாது. திரையில் படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒன்றை வைத்துக்கொள்வதும் உதவும். எது நடுநிலை என்பதற்குக் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

---

மழைமலை எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார இறுதி நாட்களை இதற்கே ஒதுக்கி, ஒரு மூடுபனிப் படத்தைத் தாய்ப்படமாக வைத்துத் திருத்தி, பிறகு மற்றவற்றுக்கு அதை ஒத்திசைத்தேன். மஞ்சளும் பச்சையும் நடுவில் சந்தித்த உடனேயே மாற்றம் தெரிந்தது. சில்வர் ஓக் மரங்கள் தேயிலையிலிருந்து விலகித் தனியே நின்றன. அதுவரை அவை அங்கே நிற்பதையே நான் கவனித்திருக்கவில்லை. திட்டுகள் மறைந்துவிட்டன. பட்டை ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. கிரெய்ன் அதையும் கலைத்துவிட்டது.

வடலி அவர்கள் சொன்னபடி வெயில் படங்கள் இரண்டில் மஞ்சளை −12-இல் நிறுத்தினேன். அவற்றைத் தொகுப்பின் ஆறாவது, ஏழாவது இடங்களில் வைத்திருக்கிறேன். முதல் ஐந்தையும் பார்த்துவிட்டு அங்கே வரும்போது மனம் திறக்கிறது. மூன்று படங்கள் எவ்வளவு முயன்றும் மற்றவற்றோடு சேரவில்லை. அவை நண்பகலில் எடுத்தவை. ஒளி நேர் மேலேயிருந்து விழுந்திருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டேன். இப்போது ஒன்பது இருக்கின்றன.

பெண்கள் நால்வரின் முகத்திலும் எண்களைப் பார்த்தேன். நிழல் வட்டத்தைச் சுழியமாக்கி, தலைகீழ் மாஸ்கைப் போட்ட பிறகு, மூத்தவரின் கன்னத்தில் 41, 30, 23 என்று வருகிறது. அவர் என்னோடு பேசியபோது கண்ட முகம் அதுதான்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. தொகுப்பைச் சுவரில் மாட்டுவதற்காக 2.39:1 என்ற அகலத்திரைப் பட வடிவில் (உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம்) வெட்டியிருக்கிறேன். ஒரு படத்தைச் சோதனைக்கு அச்சிட்டபோது திரையில் இருந்ததைவிட மிகவும் இருட்டாக வந்தது. சோலைக்காட்டின் படிகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. எங்கே தவறியிருப்பேன்?

---

இருட்டறை எழுதியது:

உங்கள் திரையின் வெளிச்சம்தான் காரணமாக இருக்க வேண்டும். முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் திருத்தினால், படத்தை நம்மை அறியாமலே இருட்டாக்கிவிடுவோம்; தாளுக்கு உள்ளிருந்து ஒளி கிடையாது. திரையை அளவிடும் கருவி கிடைத்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை வைத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லையென்றால், அறை விளக்கில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைப் போலத் தெரியும் வரை வெளிச்சத்தை இறக்குங்கள். பிறகு அச்சுக்கென்று தனிப் பிரதி ஒன்றை எடுத்து, அதில் நிழல் பகுதியை மட்டும் சற்று உயர்த்தி, 4-க்கு 6 அங்குல அளவில் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பகலொளியில் ஒப்பிடுங்கள். கறுப்பு ஆழமாக வேண்டுமென்றால் சற்றே பளபளக்கும் லஸ்டர் தாள் நல்லது. பளபளப்பில்லாத மேட் தாளில் நீங்கள் உயர்த்தி வைத்த கறுப்பு இன்னும் வெளிறும். மூடுபனிப் படங்களுக்கு அதுவும் அழகாகவே இருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, 6000 பிக்சல் அகலத்தில் 2.39:1 என்பது 6000-க்கு 2510. நம் லேப்களில் எளிதில் கிடைக்கும் 12-க்கு 18 தாளில் முழு அகலத்துக்கு அச்சிட்டால் படம் ஏழரை அங்குல உயரம் வரும். மேலும் கீழும் இரண்டே கால் அங்குல அளவில் வெள்ளை விளிம்பு கிடைக்கும். அதை வெட்டாமல் அப்படியே சட்டமிடுங்கள்.

அந்தப் பெண்களுக்கு அனுப்பும் பிரதியை மட்டும் அகல வடிவில் வெட்டாதீர்கள். கேமரா எடுத்த அதே 3:2 வடிவம் 8-க்கு 12 தாளில் சிந்தாமல் பொருந்தும். தலைக்கு மேலே வானமும் காலுக்குக் கீழே பாதையும் இருக்கும். தோட்டத்தைக் குளிரவைத்த மாஸ்கையும் அந்தப் பிரதியில் எடுத்துவிடுங்கள். நான்கு பிரதிகளையும் ஒரே நாளில், ஒரே எந்திரத்தில் போடச் சொல்லுங்கள். நாள் மாறினால் ஒருவருடைய முகம் மற்றொருவரின் பிரதியில் வேறு நிறமாக இருக்கும்.

---

மழைமலை எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. வெள்ளிக்கிழமை லேபில் கொடுக்கிறேன். அடுத்த மாதம் மறுபடியும் வால்பாறை போகிறேன். நான்கு பிரதிகளையும் அஞ்சலில் அனுப்பாமல் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன்.